ஐஸ் பெட்டியில் வந்த என் வலது கை

தீவனம் வெட்டுற மெஷின்ல என் வலது கை மணிக்கட்டோட துண்டாயிருச்சு. பண்ணைக்காடுங்கிற மலை ஊர்ல எங்களுக்குக் கறிக்கடை. கடை ஆடுகளுக்குச் சோளத்தட்டை வெட்டிக்கிட்டு இருந்தேன். துப்பட்டா நுனி சிக்குச்சு, இழுத்தேன். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பஷீர் ரத்தத்தைப் பார்த்து அப்படியே உக்காந்துட்டாரு. பக்கத்து மீன்கடை செல்வியக்காதான் ஓடி வந்து துணியை வச்சு அழுத்திக் கட்டுச்சு. ஆம்புலன்ஸ்காரங்க போன்ல சொல்லச் சொல்ல, துண்டான கையைச் சுத்தமான துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில கட்டி, ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுச்சு.

"ஐஸ் நேரா படக் கூடாதாம் பாய். வெரசா கெளம்புங்க!"

மலை இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி, மதுரை போற வரைக்கும் அந்தப் பெட்டி அவரு மடியிலதான் இருந்துச்சு. நான் அந்தப் பக்கமே திரும்பல.

ஆபரேஷன் ரொம்ப நேரம் நடந்துச்சாம். முடியை விட மெல்லிசான நூலால ரத்தக்குழாயெல்லாம் மைக்ராஸ்கோப்ல பாத்துத் தச்சாங்களாம். கண்ணு முழிச்சப்ப கை இருந்துச்சு. அந்தச் சந்தோஷம் நிலைக்கல. காய்ச்சல் கொதிச்சுச்சு. கட்டுக்குள்ள சீழ். அந்த வாடை எனக்கே குமட்டுச்சு. ரெண்டு விரல் கறுத்துப் போச்சு.

டாக்டரம்மா மறைக்காம சொன்னாங்க: "கிருமி ரத்தத்துல பரவுனா உயிருக்கே ஆபத்தும்மா. மருந்தை மாத்திப் பாக்குறோம். கேக்கலன்னா கையை எடுக்க வேண்டி வரும்."

துஆ கேக்க ரெண்டு கையையும் ஏந்தணும். எனக்கு ஒண்ணைத்தான் தூக்க முடிஞ்சுச்சு. வார்த்தையும் வரல. ஒட்ட வச்சுட்டு எதுக்குப் பறிக்கிறன்னு அல்லாஹ்கிட்ட சண்டைதான் போட்டேன்.

"அப்படிப் பேசாத புள்ள"ன்னு அவரு அழுதாரு.

"என்னால முடியலங்க. நீங்க கேளுங்க"ன்னேன்.

அவரு கேட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில நானும் வாயத் தொறந்தேன். "யா அல்லாஹ், கையை எடுக்கிறதுன்னா எடுத்துக்கோ. என்னை மட்டும் விட்டுறாத."

மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய் அழுகுன சதையையும் அந்த ரெண்டு விரலையும் எடுத்தாங்க. புது மருந்து ஏத்துனாங்க. காய்ச்சல் மெல்ல எறங்குச்சு. கை தங்கிருச்சு.

ஆனா மாசக்கணக்கா அது மரக்கட்டை மாதிரிதான் கெடந்துச்சு. ஒரு நாள் டீ கிளாஸ் பெருவிரல்ல பட்டுச்சு. சுட்டுச்சு!

"என்னங்க, சுடுதுங்க!"

ரெண்டு பேரும் அழுதோம். அல்ஹம்துலில்லாஹ்.

இன்னைக்கும் ஊசியில நூல் கோக்க முடியாது. ஆனா முகம் தெரியாத நோயாளிகளுக்கும் சேத்து இப்ப துஆ கேக்குறேன். சண்டை போட்டவளையே அல்லாஹ் விடல. ஆஸ்பத்திரியில கெடக்குற சகோதரிகளே, வார்த்தை வரலன்னா அழுங்க. அதுவும் அவனுக்குக் கேக்கும்.