தான்சுவுக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில், விம்பிள்டனில் பழைய யப்பான் மரச்சாமான் விற்கும் கடையொன்றில் துப்புரவு வேலை செய்தேன். அந்த வேலையை எடுத்துத் தந்தவர் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். அங்கே உடைந்த பெட்டிகளைத் திருத்திச் சிவப்பு அரக்குப் பூசுவது அவர் வேலை.

கடைக்காரி வெள்ளைக்காரி. கடையில் இருந்த ஒரு தான்சு என்றால் அவளுக்கு உயிர். தான்சு என்பது யப்பான்காரர் உடுப்பு வைக்கும் இழுப்பறைப் பெட்டி. ஒரு இழுப்பறையை மூடினால் உள்ளே காற்று நெருக்கி மற்றது தானாக வெளியே வரும். அவ்வளவு இறுக்கமான தச்சு. மெருகு பூசாத வெறும் மரம். ஈரம் படவே கூடாதென்று எனக்கு நூறு தரம் சொல்லியிருந்தாள்.

விஜயதசமியன்று காலை நான்தான் கடையைத் திறந்தேன். சோறு போடுகிற இடமல்லவா? தூசி உறிஞ்சும் மெஷினுக்கும் அண்ணையின் உளிகளுக்கும் சந்தனமும் குழைத்த குங்குமமும் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். புத்தி கெட்ட விசரி நான், தான்சுவுக்கும் வைத்தேன். மரம் அதைக் குடித்துவிட்டது. பதறிப்போய் ஈரத்துணியால் துடைக்க, சிவப்பு உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்தது. மற்றப் பொட்டுகளை எல்லாம் அழித்தேன். அது மட்டும் போகவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கடைக்காரி வந்தாள், சிவப்பைக் கண்டாள், அரக்கென்று அண்ணையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா நான் அரக்கு டின்னைத் திறக்கவே இல்லை. தங்கச்சி, நீ காலமை முதல் வந்தனிதானே? அப்ப இது இருந்ததோ? சொல்லம்மா."

என் அகதி வழக்கு முடியவில்லை. இந்த வேலையும் போனால்?

"நான் பாக்கேல்லை அண்ணை."

அன்று பின்னேரமே, மூன்று பிள்ளைகளின் தகப்பனான அண்ணையைக் கடைக்காரி வேலையிலிருந்து நிற்பாட்டினாள்.

சத்தியமாக, அடுத்த நாள் உண்மையைச் சொல்லத்தான் போனேன். கடைக்காரி தேத்தண்ணி தந்து, அவருடைய வேலையை நீ பழகுகிறாயா என்று கேட்டாள். திறந்த வாயில் "யேஸ்" என்றுதான் வந்தது. சீ, என்ன பிறவி நான்!

வெள்ளிக்கிழமை கோயிலில் அண்ணையே என்னைத் தேடி வந்தார்.

"கேள்விப்பட்டன். நல்லது தங்கச்சி. ஆரோ ஒருத்தன் எடுக்கிறதிலும் பாக்க நீ எடுத்தது எனக்குச் சந்தோசம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். என்ர கைதான் நடுங்கியிருக்க வேணும். எனக்கே தெரியாமல் சிந்தியிருக்கு. இனி இந்தத் தொழில் ஏலாது. பெற்றோல் செட்டில ஷிப்ட் கேட்டிருக்கிறன்."

அவர் கை நடுங்கி நான் ஒருநாளும் கண்டதில்லை. அதைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை.