மூடிய ஆப்பும் நான் போட்ட சத்தமும்

போன வருடம் ஆடி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில், சுரங்க வேலையில் எனக்கு இன்னும் ஒன்றரை வருட சர்வீஸ் பாக்கி இருந்த சமயம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். விசா கிடைக்காததால் நாங்கள் போக முடியவில்லை. என் மனைவிக்குப் பார்வை மங்கல். போனில் மகள் முகம் சரியாகத் தெரியாது, லேப்டாப் திரையில்தான் பார்ப்பாள். அதுவோ பத்து வருடப் பழசு. ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சலித்துப்போய் சில மாதங்களாக அதைத் தொடவே இல்லை.

"பிரசவத்துக்குள்ளயாவது சரி பண்ணிக் கொடுங்க" என்றாள் மனைவி.

பஜாரில் ஒரு பெண் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். குள்ளஞ்சாவடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். "புதுசு வேணாம் சார். ஹார்ட் டிஸ்க எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேம் கொஞ்சம் ஏத்துனா இன்னும் நாலு வருசம் ஓடும்" என்றார். இரண்டே நாளில் கொடுத்துவிட்டார். பொத்தானை அழுத்தியதும் திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து நாங்கள் பேசிவந்த வீடியோ கால் ஆப் மட்டும் உள்ளே விடவில்லை. ஆங்கிலத்தில் என்னவோ வந்தது. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன், ஆப்பைத் திரும்ப இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்த அசதியோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கடைக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்கீங்க. உள்ள இருந்ததைக் கழட்டிட்டு டூப்ளிகேட் எதையோ போட்டிருக்கீங்க" என்று சத்தம் போட்டேன்.

"நான் அப்படிச் செய்யறவ இல்லீங்க. வச்சிட்டுப் போங்க, பாக்கறேன்" என்றார். குரல் உயரவில்லை. காத்திருந்தவர்களில் ஒருவர் தன் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, அந்த ஆப்பைக் கம்பெனிக்காரங்களே மூடிட்டாங்க. மெயில் அனுப்பினாங்களே, நீங்க பாக்கலையா?"

பார்த்தேன். போனில் வந்து கிடந்தன, ஒன்றல்ல, மூன்று மெயில்கள். விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமலே விட்டவை.

போய்ச் சொல்லத் தைரியம் வர இரண்டு நாள் ஆனது. மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் வேறொரு ஆப்பைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். "வீட்ல அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல?" என்றார்.

தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"பரவால்லீங்க சார்" என்றார், வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு திருகை முடுக்கிவிட்டு, "அன்னிக்கு ஜனம் நின்னுகினு இருந்தாங்க. இன்னிக்கு யாருமில்ல" என்றார்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பேத்தியின் முகத்தை மனைவி முதலில் பார்த்தது அந்தத் திரையில்தான். இப்போது தெரிந்தவர்களை எல்லாம் அந்தக் கடைக்கே அனுப்புகிறேன். ஆனால் அன்று பையை மாட்டிக்கொண்டு போனவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அந்தப் பெண் இன்றைக்கும் ஏமாற்றுக்காரிதான் என்று நினைக்கும்போது, கேட்ட மன்னிப்பு பாதியிலேயே நிற்பதுபோல் இருக்கிறது.