கூட்டத்தில் அத்தை சொன்ன பொய்

போன வருடம் மாசி மாதம் செஞ்சியில் நடந்தது இது. கோட்டைக்குப் போகிற சாலையில்தான் எங்கள் வீடு. கீழே என் மாமியார், மாடியில் நானும் கணவரும். அடுப்பும் தனித்தனி.

நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்; ஊர்ப் பேச்சில் வேதக்கார வீடு. கணவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக இங்கேயே பயிர் வைக்கிற இந்துக் குடும்பம். காதல் கல்யாணம். அத்தை என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியதில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம்கூட வைத்துத் தருவார். ஆனால் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தது கிடையாது. வெளியே மதம் என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே சாதியும் இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் போகக் கூடாது, டி.வி.யும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடியில் நான் இருந்தும், அத்தைக்குச் சாப்பாடு சிங்கவரத்திலிருக்கும் நாத்தனார் வீட்டிலிருந்து வந்தது. என் கணவர் பைக்கில் போய் கேரியர் வாங்கி வருவார். எனக்கு மனசு சுருக்கென்றுதான் இருந்தது. ஆபரேஷன் ஆன மனுஷியிடம் என்ன சண்டை போடுவது?

டி.வி. இல்லாமல் அத்தைக்குப் பொழுது போகவில்லை. எதையாவது படித்துக் காட்டச் சொன்னார். நூலகத்தில் ஒரு நாவல் எடுத்து வந்தேன். அதை எழுதிய அம்மா மாதக் கடைசியில் நம் ஊருக்கு வருகிறார் என்று நூலகர் சொன்னதால் எடுத்தேனே தவிர, கதை என்னவென்று எனக்குத் தெரியாது.

பாதியில்தான் விஷயம் புரிந்தது. வேறு சாதிப் பெண் ஒருத்தி மருமகளாக வருகிறாள். மாமியார் அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைக்கிறாள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். சத்தமில்லாமல் நாலு பக்கத்தைத் தள்ளிவிடலாமா என்று பார்த்தேன்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட? படி" என்றார் அத்தை.

படித்தேன். மறுநாளிலிருந்து அந்த நாவல் மாமியாரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். அவளெல்லாம் ஒரு பொம்பளையா, பெத்த பிள்ளை மனசு நோகுமே என்ற நினைப்பு வேண்டாமா என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வசவு. நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தேன். கடைசியில் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அத்தை அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

எழுத்தாளர் வந்த ஞாயிற்றுக்கிழமை, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார் அத்தை. நூலகக் கூட்டத்தில், யாராவது ஏதாவது கேட்கலாம் என்று சொன்னதுமே எழுந்துவிட்டார். அந்தப் பெண்ணை ஏன் பஸ் ஏற்றி அனுப்பினீர்கள், அந்த மாமியார் போய்க் கூட்டி வந்திருக்க மாட்டாளா என்று ஒரே பிடி.

"நீங்களா இருந்தா கூட்டிட்டு வந்திருப்பீங்களா?" என்று எழுத்தாளர் கேட்டார்.

அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என் மருமவளும் வேற சாதிதாம்மா, வேதக்கார வூட்டுப் பொண்ணு. அவ கையாலதான் நான் சாப்புடறேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளர் இறங்கி வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் இன்று மதியம் உங்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்.

எழுத்தாளரும் எங்களோடு அதே ஆட்டோவில் வந்தார். இறங்கியதும் நான் மெதுவாக அத்தையிடம், மாடியில் சமைத்துக் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு மேல? கீழயே பண்ணு" என்றார்.

அந்தச் சமையலறைக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. எழுத்தாளரோ கூடத்தில் உட்கார்ந்திருந்தார், சத்தமாகக் கேட்கவும் முடியாது. பருப்பை வேகவைத்துவிட்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். "புளி எப்பவும் வெக்கிற எடத்துலதான் இருக்குதும்மா" என்று கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தார். எப்பவும் வைக்கிற இடம் எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் பூனை மாதிரி உள்ளே வந்து, சல்லடைக்குப் பின்னால் இருந்த ஜாடியைக் காட்டினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தார் அத்தை. அழுதுவிடுவேனோ என்றும் இருந்தது எனக்கு.

முருங்கைக்காய் சாம்பார், ரசம், மல்லாட்டைத் துவையல். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். அத்தை முதல் கவளத்தைப் பிசையும்போது நான் என் இலையைத் தொடவே இல்லை. வாயில் வைத்தார். மென்றார். "உப்பு ஒரு கல்லு கொறைச்சல்" என்றவர் துவையலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

எழுத்தாளருக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் ரசத்தைக் கையில் வாங்கி வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் அத்தை சிங்கவரத்துக்கு போன் போட்டு, இனிமேல் சாப்பாடு அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். அப்போதுதான் வெளியூரிலிருந்து திரும்பியிருந்த என் கணவர் நம்பாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். இப்போது எங்களுக்கு ஒரே அடுப்பு. ஈஸ்டருக்கு என் அம்மா வீட்டிலிருந்து வரும் பலகாரத்தைத் தெருவுக்கே பங்கு வைப்பது அத்தைதான்.

நடந்ததற்கு அவர் வருத்தமென்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அன்று மதியமே அதை மெய்யாக்கிக் காட்டின அந்த மனசு எனக்குப் போதும்.