கௌசல்யாவுக்கு வாய்த்த பார்ட்னர்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிசிக்ஸில் எம்.எஸ்ஸி. முடித்து அதையே பாடமாக எடுப்பவள். புது ஸ்கூட்டர் வாங்கிய அன்று அம்மா சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொன்ன எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு, வைத்துவிட்டேன் என்று போனில் பொய் சொன்னவள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை, எனக்கே பாதி நாள் நம்பிக்கை வருவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே ஐயப்பன்தாங்கலில் வாடகை ஃப்ளாட். வேலை பார்ப்பது அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில், பெயர் வேண்டாம். கோடை விடுமுறை முடிவதற்குள், முதல் வருஷம் சேரப்போகிற பிள்ளைகளில் தமிழ் மீடியத்தில் படித்தவர்களை மட்டும் மூன்று வாரம் ஹாஸ்டலில் தங்கவைத்துப் பழக்குவோம். இமெயில் அனுப்புவது, லைப்ரரியில் புத்தகம் தேடுவது, ஆசிரியரிடம் பயமில்லாமல் சந்தேகம் கேட்பது என்று எல்லாம் உண்டு என்றாலும் பிள்ளைகள் நடுங்குவது ஒன்றே ஒன்றுக்குத்தான், அது இங்கிலீஷ். பெண்கள் பக்கத்துக்கு நான் பொறுப்பு. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, விடுமுறையில் போவதற்கு மலைவாசஸ்தலமும் இல்லை, ஆகவே வருஷா வருஷம் என் தலையில்தான் கட்டுவார்கள்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வந்த அன்றே ஆளுக்கு ஒரு பார்ட்னர் என்று ஜோடி சேர்த்துவிடுவோம். காலை டீ குடித்ததும் வராந்தாவில் ஜோடி ஜோடியாக நின்று இங்கிலீஷில்தான் பேச வேண்டும், என்ன சாப்பிட்டாய், அப்பா என்ன செய்கிறார், எதற்காக இந்தப் பாடம் எடுத்தாய், இப்படி எதையாவது. ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் நான் விடமாட்டேன். தொண்டையைச் செருமிவிட்டு "ஃபுல் சென்டென்ஸ், ப்ளீஸ்" என்பேன். இதற்காக எனக்குப் பட்டப்பெயரே உண்டு, அது இருக்கட்டும்.

அந்த வருஷம் கௌசல்யா என்று ஒரு பெண் சென்னீர்குப்பத்திலிருந்து வந்தாள். வீட்டில் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை, அப்பா பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கெட்டிக்காரி, கணக்கு மார்க்கைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஆனால் இங்கிலீஷ் என்றால் வாயில் கொழுக்கட்டை. சேர்க்க வந்த அன்றே அவளுடைய அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தன் அக்கா பையன் ஒருவன் காலேஜில் இங்கிலீஷ் புரியாமல் பாதியில் விட்டுவிட்டு வந்து, வெட்கத்தில் வெளியே தலைகாட்டாமல் இருக்கிறானாம். அந்த நிலைமை தன் பெண்ணுக்கு வரக்கூடாது என்றார்.

"கடைசி நாளு ஸ்டேஜுல பேச வுடுவீங்களாமே மேடம். அதுல எம் பொண்ணு பேசிச்சுன்னா நான் காலேஜுக்கு அனுப்சிட்றேன். பேசலன்னா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு கம்பெனில சொல்லி வச்சிகீறேன், அதுக்குப் போவட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னார். அதனால் சரி என்றேன்.

இதில் வினை என்னவென்றால், கௌசல்யாவோடு ஜோடி சேர்த்த பெண்ணுக்கு அம்மை போட்டு வீட்டுக்கு அனுப்பும்படி ஆகிவிட்டது. வேறு ஜோடியோடு சேர்ந்துகொள் என்றால் மாட்டேன் என்கிறாள், மூன்றாவது ஆளாகப் போனால் சிரிப்பார்களாம். நானே பார்ட்னராக வருகிறேன் என்றால் அதற்கு இன்னும் பயம். இரண்டாவது மாடி வராந்தாவின் கோடியில், ஜன்னல்கூட இல்லாத மொட்டைச் சுவர் ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் போய் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காலையிலேயே தலைவலி. சரி, சுவர்தான் உனக்குப் பார்ட்னர், அதோடு பேசு, ஆனால் சத்தமாகப் பேசு என்று சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிற வித்தைதான் இது, கண்ணாடியைப் பார்த்துப் பேசு, சுவரைப் பார்த்துப் பேசு என்று சொல்லாதவர் யார்?

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணின் நாக்கு திரும்பிவிட்டது. தூரத்தில் நின்று கவனிப்பேன், நான்கு வாக்கியம் பேசுவாள், நிறுத்துவாள், தலையை ஆட்டுவாள், தப்பாகச் சொன்ன வார்த்தையைத் திருத்தி மறுபடியும் சொல்வாள். போனில் பேசுவது போலவே இருக்கும். காதில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று ஒரு நாள் போய்ப் பார்த்தும்விட்டேன், ஒன்றும் இல்லை. போன் எல்லாம் என் பீரோவில்தான் பூட்டிக் கிடந்தது. கற்பனையில் பேசிப் பழகுகிறாள், நல்லதுதான் என்று என் வித்தையை நானே மெச்சிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, பார்ட்னர் எப்படி இருக்கிறாள் என்று கிண்டலாகக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே, எல்லா கேள்விக்கும் பதில் வருது மிஸ், இன்னா சாப்ட்டீங்கன்னு கேட்டா மட்டும் வரமாட்டேங்குது என்றாள். நானும் சிரித்தேன். சுவருக்கு ஏது சாப்பாடு!

மேடைக்கு முந்தின நாள் மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது, கரண்ட் வேறு போய்விட்டது. ஜெனரேட்டர் இருக்கிற கம்ப்யூட்டர் லேபுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அறைகளைப் பூட்டிக்கொண்டே வந்தேன். கௌசல்யாவின் கட்டில் மேல் பை கட்டி வைத்திருந்தது. துணி, சோப்பு டப்பா, செருப்பு எல்லாம் உள்ளே. சாயங்காலம் ஓடிவிடத் தயாராகியிருக்கிறாள். எனக்கு ஆத்திரம். போனால் போனதுதான், அந்தக் கணக்கு மூளை எஸ்டேட்டில் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கும். ஆள் எங்கே என்று தேடிக்கொண்டு போனால், வராந்தாக் கோடியில் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நிற்கிறாள்.

"எனக்கு வராது மிஸ். ஸ்டேஜுல ஏறுனா எல்லாம் மறந்துடும். நான் ஊட்டுக்கே போய்க்கிறேன்" என்று அழுதுகொண்டிருந்தாள்.

என்னிடம்தான் சொல்கிறாள் என்று வாயைத் திறக்கப் போனேன், ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நெடுநேரம். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் கேட்பாரே, அப்படி ஒரு நிற்பு. மின்விசிறிச் சத்தம்கூட இல்லாத அந்த வராந்தாவில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அவள் மட்டும் ஊம் போடுகிறாள். நடுவில் ஒரு தடவை ஏதோ கேட்டாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். கூப்பிடத் தோன்றாமல் படிக்கட்டு ஓரத்துக்கே திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பி நடந்து வந்தவள் படிக்கட்டு ஓரத்தில் என்னைப் பார்த்தாள். திடுக்கிடக்கூட இல்லை. "நான் போவல மிஸ். தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று லேபுக்கு இறங்கிப் போனாள்.

எதற்கு தேங்க்ஸ்? நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சும்மா போயிருக்கலாம். என் புத்தி விடுமா? பைப் வழியாகச் சத்தம் வரும், கான்கிரீட்டில் எதிரொலி வரும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு சுவருக்குப் போனேன். மேற்கு வெயில் வாங்கின சுவர், காது வைத்தால் சுட்டது. கையால் தட்டிப் பார்த்தேன், கெட்டியான சுவர். யார் என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் அதிகாரமாக, இங்கிலீஷில், "ஹூ?" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஃபுல் சென்டென்ஸ், ப்ளீஸ்."

அது என் குரல். நம்முடைய குரலை ரெக்கார்ட் செய்து கேட்டால் யாரோ மாதிரி இருக்குமே, அந்த யாரோதான் பேசினாள். ஆன்லைன் வகுப்புகளுக்காக என் வீடியோவை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? வாக்கியக் கடைசியில் எங்கள் ஊர் இழுப்பு ஒன்று தப்பி வந்துவிடும், எவ்வளவு முயன்றும் போகாது, அதுவும் இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, எம்.எஸ்ஸி. படித்த நான், பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, என் பெயர் இன்னது, நான் கௌசல்யாவைத் தேடி வந்தேன் என்று முழு வாக்கியமாக இங்கிலீஷில் ஒப்பித்தேன். அப்புறம் சத்தமே இல்லை.

இறங்கி ஓடினேன். ஹாஸ்டலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால் வெறும் சுவர். பைப் இல்லை, சன்ஷேட் இல்லை, ஒரு ஆள் தொற்றிக்கொள்ள ஆணிகூட இல்லை. கீழே முள்வேலி, அதற்கப்புறம் ஏரி. கரையில் ஒருவர் குட்டி யானை லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் யாராவது ஏணி வைத்து ஏறினார்களா என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்க இன்னா கீது மேடம், ஏற்றதுக்கு? நான் சாப்ட்டதுலேர்ந்து இங்கதான் கீறேன். ஒரு காக்காகூட ஒக்காரல" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணி குடிக்கிறீங்களா என்று பாட்டிலை நீட்டினார்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை, அதை விடுங்கள். மறுநாள் மேடையில் கௌசல்யா ஏறினாள். கடைசி வரிசையில் அவளுடைய அப்பா காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மூன்று வாக்கியம் நன்றாகப் போனது, நாலாவதில் நின்றுவிட்டாள். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான் ஆட்டினேன். அவளும் தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கி முடிவு வரைக்கும் நிறுத்தாமல் பேசினாள். அப்பா என்னிடம் வந்து, "ஒண்ணும் புரியல மேடம். ஆனா நிறுத்தாம பேசிச்சு பாருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் யாரையும் சுவரோடு ஜோடி சேர்ப்பதில்லை. ஒற்றை ஆளாக ஒருத்தி மிஞ்சினால் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொள்கிறேன். அந்த வராந்தாக் கோடிக்கு வேலை இருந்தாலும் போவதில்லை.

கௌசல்யா இப்போது மூன்றாவது வருஷம். போன கோடையில் புதுப்பிள்ளைகளுக்குத் துணையாக அவளே வந்து தங்கினாள். ஒரு சாயங்காலம் கேன்டீனில் டீ குடிக்கும்போது, புதிதாக வந்த ஒருத்தி வீட்டுக்குப் போகிறேன் என்று அழுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. நீங்க எனக்குச் சொன்னதை அவளிடமும் சொல்லுங்க மிஸ் என்றாள். என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் ரூமுலேர்ந்து சொன்னீங்களே மிஸ். நீங்களும் காலேஜ் சேந்த புதுசுல பையக் கட்டிக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டீங்கன்னு. படில கால வச்சப்போ பின்னாலேர்ந்து ஒரு பொண்ணு உங்க பேர சொல்லிக் கூப்ட்டுச்சுன்னு. திரும்பிப் பாத்தா யாருமே இல்லன்னு. பஸ்ஸு போயிடிச்சு, நீங்க ஆஸ்டலுக்கே வந்துட்டீங்கன்னு."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நடந்தது அத்தனையும் உண்மை, அப்படியே நடந்தது. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. யாரோ யாரையோ கூப்பிட்டிருப்பார்கள் என்று அன்றே மனதிலிருந்து தள்ளிவிட்ட விஷயம் அது. அந்தச் சுவருக்குப் பின்னால் ரூம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி இருந்தது, சொல்ல முடியவில்லை. ஆமாம்மா, கூப்பிட்டது யார் என்றுதான் இன்று வரை எனக்குத் தெரியவில்லை என்றேன்.

கௌசல்யா சிரித்தாள். "இன்னா மிஸ், மறந்துட்டீங்களா? யாரு மிஸ்னு நான் கேட்டேனே, அந்தப் பொண்ணு பேரு சொன்னீங்களே."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். தினமும் கல்லூரியில் பார்க்கிறேன், பார்த்தால் சிரிக்கிறாள். அந்தப் பெயர் என்னவென்று நான் இன்னும் கேட்கவில்லை.