சாக்கு தைத்த விரல்

அரசுக் கிடங்கில் பதினெட்டு வருடமாக அரிசிச் சாக்கின் வாயைத் தைக்கிறவள் அவள். சணல் நூலை இழுத்து இழுத்து விரலில் ரேகையே தேய்ந்துபோயிற்று. மாதத்தின் கடைசி நாளில் ரேஷன் கடையின் கைரேகை மிஷின் மூன்று முறையும் அவள் விரலை ஏற்கவில்லை. இன்று வாங்காவிட்டால் இந்த மாத அரிசி போனதுதான். வீட்டுப் பானையில் ஒரு பிடிகூட இல்லை.

"கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்கக்கா," என்றார் கடைக்காரர்.

"துடைச்சுத் துடைச்சுத் தோலே போச்சு தம்பி. அந்த மூட்டையெல்லாம் நான் தைச்சதுதான். முடிச்சைப் பார்த்தாலே தெரியுமே."

"எனக்குத் தெரியுது. மிஷினுக்குத் தெரியணுமே! கார்டுல வேற ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க."

"நான் தனிக்கட்டைப்பா. எனக்குச் சாமிதான் துணை."

"அப்போ சாமியையே வந்து விரல் வைக்கச் சொல்லு!" என்றாள் பின்னால் நின்றவள். வரிசையே சிரித்தது.

அடுத்தவளுக்காகக் கடைக்காரர் புது மூட்டையைப் பிரிக்கப் போனார். முடிச்சு சிக்கிக்கொண்டது.

"கோவிச்சுக்காம இதைக் கொஞ்சம் பிரிச்சு விடுங்கக்கா."

அவள் நூலின் நுனியைத் தேடிப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். சாக்கின் வாய் திறந்தது. கேலி பேசியவளின் பையில் அரிசி விழுந்தது.

இவர்களாவது சாப்பிடட்டும் என்று சாமியிடம் சொல்லப் பார்த்தாள். மனசு வரவில்லை. வெறும் பையை மடித்துக்கொண்டு நடந்தாள்.