முகாமுக்கு ஆள் எழுதிய நாள்

அன்று, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் இருந்தது பதுளையில் இருந்து வந்த மிஸ். மிஸ்ஸோடு வந்து, படம் காட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற தம்பி. எங்கள் அம்மா. சித்தி. மாமா. என் அண்ணன். நான். பிறகு, கூப்பிடாமலே வந்த பாதித் தோட்டம். தொட்டில்களை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம்.

மிஸ் கூப்பிட்டது பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் தாய் தகப்பனையும் மட்டும்தான். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து நமுனுகுலப் பக்கம் போய், கூடாரம் போட்டுத் தங்கி, மலை ஏறி, கயிறு பிடித்து ஓடை தாண்டுவது. ஆண்பிள்ளைகள் தானாக வந்துவிடுகிறார்கள், பெண்பிள்ளைகள்தான் வருவதில்லை, அதனால் தேடி வந்தேன் என்றார் மிஸ். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முகாம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

கொஸ்லந்தப் பக்கம் மண் சரிந்து எங்கள் லயத்து வீடுகள் புதைந்த பிறகு நாங்கள் போய் இருந்த இடத்துக்கும் அதுதான் பேர். பழைய தேயிலைத் தொழிற்சாலை. சேலையைத் திரையாகக் கட்டி, ஒரு கூரைக்குள் குடும்பம் குடும்பமாக இருந்தோம். புது வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அன்று காலையில் யாரோ மலையில் 'முகாமுக்கு ஆள் எழுதுறாங்க' என்று சொல்லிவிட்டார்கள். கொழுந்து நிறுப்பதற்குள் அது தோட்டம் முழுக்கப் போய்விட்டது. சனம் அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தது.

மாமாதான் முதலில் எழும்பினார்.

"எந்தப் பக்கம் மிஸ் சரியப் போவுது?"

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. ஒன்றும் சரியாது, கயிறு நல்ல கயிறு என்றார். மாமா யோசித்தார். பிறகு அரிசி பருப்பு கொடுப்பார்களா என்று கேட்டார். சாப்பாடு எல்லாம் இலவசம் என்றார் மிஸ்.

"அப்ப எங்க மாமியார மட்டும் எழுதிக்குங்க மிஸ். நாங்க இங்கயே இருந்துக்கிறோம்" என்றது பின்னால் ஒரு குரல்.

எனக்குப் பொறுக்கவில்லை. மிஸ் காட்டிய படத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்திருந்தேன். என் வயசுதான். காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக் கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரித்தாள். எப்படியாவது போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அம்மா ஒரு சரி சொன்னால் போதும். இவர்களோ அடையாள அட்டையோடு நின்றார்கள். இது அந்த முகாம் இல்லை, விளையாட்டு என்று மாமாவிடம் சொன்னேன்.

"முகாம்ல என்னாடி வெளாட்டு?" என்றார்.

மிஸ்ஸாவது பேரை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய்க்கு வாய் முகாம், முகாம். மலை ஏறினால் உடம்புக்கு நல்லது என்று தொடங்கினார். கூடை இல்லாமலா ஏறுவது என்று சித்தி கேட்டாள். பொம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். எதற்கு என்று தெரியாமல்தான் சிரித்தார்.

எல்லாரும் சிரிக்கிறார்களே, இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மிஸ் சொன்னார்: "ஆணும் பெண்ணும் ஒண்ணா தங்கிப் பழகினாத்தான் பிள்ளைங்களுக்குப் பயம் போகும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

அதுவரைக்கும் வாய் திறக்காத அம்மா பேசினாள்.

"ஆணும் பொண்ணும் ஒண்ணா இருந்த முகாம் நாங்க பாத்துட்டோங்க மிஸ். போதுங்க."

தனித்தனிக் கூடாரம், கூட டீச்சர்மார் வருவார்கள் என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. அம்மா எழும்பி வெளியே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றத் தாய்மார்கள்.

வீட்டில் சண்டை பிடித்தேன். முகாமில் நன்றாகத்தானே இருந்தோம் என்றேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம். பிஸ்கட் கொடுத்தார்கள். விளையாட எந்நேரமும் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினாள்.

அண்ணனை விட்டார்கள். அட்டை கடித்தால் அழுகிறவன். போய்த் தொப்பியோடு வந்தான். அந்தத் தொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவோடு கன நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. பெண்பிள்ளைகள் ஒருத்தியும் போகவில்லை.

வருஷங்கள் போய், போன மாதம் சித்தி வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பழைய கதை ஏதோ வந்தது. முகாமில் அம்மா எந்நேரமும் கக்கூஸ் பக்கமே நிற்பாள், வயிறு சரியில்லாத மனுசி என்று அண்ணன் கேலி செய்வான் என்றேன். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

சித்தி சிரிக்கவில்லை. உங்கம்மா வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்றாள். கக்கூஸுக்குக் கதவு இல்லை. தறப்பாள் துண்டுதான் தொங்கியது. ஆம்பளைகள் சிலர் அந்தப் பக்கமே சுற்றினார்கள். வெளியே சொன்னால் பேர் கெடுவது பிள்ளைகளுக்குத்தான். அதனால் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு, பெண்பிள்ளைகள் நாங்கள் போய் வரும் வரைக்கும் தாய்மார் மாறி மாறிக் காவல் நின்றார்கள்.

அப்படி நின்ற தாய்மார் எத்தனை பேர் சித்தி என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள்.

ஆறு.