சீதனமாக வந்த சேறு

என் சீதனக் காணியில் நண்டு மட்டும்தான் குடியிருக்கிறது என்று என் கணவர் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து சொல்லிவந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்துவைப்பேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில், எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கண்டல் காடு அது. மரங்கள் வேரை வெளியே ஊன்றிக்கொண்டு சேற்றில் நிற்கும். மாரியில் பாதிக் காணி தண்ணீருக்குள் இருக்கும். வெளிநாடு போகிறவளுக்கு வீடு எதற்கு என்று, வீட்டையும் கிணற்றையும் தங்கைக்கு எழுதிவிட்டு, அப்பா எனக்குக் கண்டலை எழுதினார்.

கணவரின் தமக்கை, அதாவது என் மச்சாள், கல்யாணப் பேச்சு நடந்த இடத்திலேயே "உது காணியோ, சேறோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டவர். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

அதனால்தான், யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அதே மச்சாள், நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் வசதியான பக்கமான யூனியன்விலில் இருந்து ஃபோன் எடுத்து, "உம்மட அந்த வடிவான கடற்கரைக் காணி" என்று தொடங்கியதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சேற்றை வாங்க யாரோ வந்திருக்கிறார்கள்.

அதற்கு முந்திய மே மாதம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் இங்கே நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்திருந்தோம். பதாகை பிடித்த கை வலிக்க வலிக்கக் கத்தினோம். என் தங்கை அப்போது வன்னிக்குள் இருந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நான் சமைத்தேன், வேலைக்குப் போனேன், பஸ்ஸில் அழுதேன். பிறகு முகாமில் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. கணவன் இல்லை, பிள்ளைகள் இரண்டும் இருக்கின்றன என்றார்கள். முகாமிலிருந்து விட்டதும் அவள் நேரே தீவுக்குப் போய், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து குடியேறினாள். அங்கிருந்து எடுத்த முதல் ஃபோனில் அவள் யுத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிணற்றைப் பற்றித்தான் சொன்னாள்.

"முகாமில ஒரு வாளித் தண்ணிக்கு வரிசையில நிண்டு சண்டை பிடிச்சனாங்கள் அக்கா. இஞ்ச அள்ள அள்ள வருது. பிள்ளையள் குடிச்சுக்கொண்டே நிக்குதுகள்."

திரும்பி வந்த மற்றக் குடும்பங்களும் அந்தக் கிணற்றில்தான் அள்ளுகின்றன என்றாள். ஊரை ஒட்டிய குடாவின் மறுகரையில் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. யுத்த காலத்தில் அந்தப் பக்கத்துக் கண்டலை வெட்டிவிட்டார்கள். விறகுக்கு வெட்டியது பாதி, பார்வையை மறைக்கிறது என்று ஆமிக்காரர் வெட்டியது மீதி. மரம் போனதும் கரை இடிந்தது. இப்போதெல்லாம் மாரிக்குக் கடல் வளவுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகிறதாம். மறுகரைதான் என் கணவர் பிறந்த இடம். நான் இதைச் சொன்னபோது, உம்மட தங்கச்சி எதையும் பெருப்பிச்சுத்தான் சொல்லுவா என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மச்சாள் வீட்டில் சாப்பாடு. கணவாய்க் கறி, இறால் பொரியல், எனக்குப் பிடிக்கும் என்று ஒடியல் கூழ் வேறு. அவ்வளவு உபசாரம் எனக்கு அந்த வீட்டில் அதற்கு முன் நடந்ததே இல்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கூழ் குடித்தார். வாங்குகிறவர்களுக்காகப் பேச வந்தவர். சாப்பிட்டு முடித்ததும் கணினியைத் திறந்து படம் காட்டினார். வெள்ளை நிறத்தில் ஹோட்டல், நீலத்தில் நீச்சல் குளம், படகுகள், குடைகள். ஊரில் குடிக்கத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் குளிக்கக் குளம் கட்டப்போகிறார்கள். படத்தில் ஒரு கண்டல் மரமும் இல்லை. நண்டுகளும் இல்லை.

நான் ஒப்பமிட்டால்தான் காரியம் நடக்கும். எங்கள் தேசவழமைச் சட்டத்தில் சீதனக் காணி பெண்ணுடையது. அதே சட்டத்தில், புருஷன் சம்மதிக்காமல் அவள் அதை விற்கவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. புருஷன் அங்கே முழுச் சம்மதத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மில்லிக்கனில் ஒரு வீடு பார்த்துவைத்திருந்தார். ஞாயிறுகளில் அந்தத் தெருவால் காரை மெதுவாக ஓட்டுவார். வீடு வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் துறவி இல்லை. நாங்கள் இருப்பது டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி, லிஃப்ட் பழுதானால் அரிசி மூட்டையைப் படியால் தூக்கவேண்டும், அவருக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு சமையலறை யன்னலும், அதற்கு வெளியே கறிவேப்பிலைத் தொட்டி வைக்க ஓர் இடமும் எனக்கும் ஆசைதான்.

மச்சாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இஞ்ச பாரும். உலகம் சூடாகுது, கடல் ஏறுது எண்டு ஒவ்வொரு நாளும் ரீவியில சொல்லுறாங்கள். தீவெல்லாம் தாழப்போகுதாம். இன்னும் கொஞ்சக் காலத்தில உம்மட காணி கடலுக்குள்ள போயிடும். இப்ப வித்தாத்தான் உண்டு."

"உந்தக் கதையைக் காணி வாங்கிறவைக்குச் சொன்னீங்களோ மச்சாள்?" என்று கேட்டேன்.

கோட்டுக்காரர் செருமினார். அதற்கெல்லாம் திட்டம் இருக்கிறது, கண்டலை எடுத்துவிட்டுக் கருங்கல்லால் அணை போடுவோம், கடல் ஹோட்டலைத் தொடாது என்றார். அப்படியானால் கல்லில் மோதுகிற தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, இரண்டு பக்கமும் பிரிந்து போகும் என்றார். உண்மையைச் சொன்னதற்காக அந்த மனிதரை நான் இன்றும் மதிக்கிறேன். ஒரு பக்கம் என் தங்கையின் வளவு. மற்றப் பக்கம், முகாமிலிருந்து திரும்பி வந்த சனத்தின் கொட்டில்கள்.

"அவளுக்கு மிச்சமா இருக்கிறது அந்தக் கிணறு ஒண்டுதான். நான் ஒப்பம் வைக்கமாட்டன்," என்றேன். நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நான் கத்தியதை உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இங்கே, ஒரு சாப்பாட்டு மேசையில், நான் மாட்டேன் என்றால் ஒரு காரியம் நின்றுபோகிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு என்ன விசரா?

விசர் என்றுதான் பேசிக்கொண்டார்கள். கோயில் மண்டபத்துக்குள் நான் போனால் பேச்சு நிற்கும். மரத்துக்காக வீட்டை விட்டவள் என்று ஒரு பெண் என் காதில் விழும்படியே சொன்னாள். என் கணவர் சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு இரவு வேலைக்குப் போவார், விடிய வந்து படுப்பார். நண்டுக் கதையைக்கூட நிறுத்திவிட்டார். நான் அசையவில்லை. அவருக்குப் பிடித்த மீன் குழம்பை மட்டும் விடாமல் வைத்தேன், அது வேறு கணக்கு.

கோடையில் அவர் ஊருக்குப் போனார். கோயில் திருநாள் என்று சொன்னார். என் தங்கையைப் பிடித்து, அவள் வாயால் என்னைச் சம்மதிக்கவைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டேன். தங்கைக்கு ஃபோன் எடுத்து, அத்தான் வாறார், என்ன கேட்டாலும் உன்ர மனதில இருக்கிறதைச் சொல்லு என்று மட்டும் சொன்னேன். நீ வித்தாலும் நான் குறை நினைக்கமாட்டன் அக்கா என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு என்னை வெட்டிப் போட்டாலும் நான் விற்றிருக்கமாட்டேன்.

திரும்பி வந்த அன்று அவர் சப்பாத்தைக் கழற்றிய கையோடு குசினிக்குப் போய், குழாயைத் திறந்து, நின்றபடியே ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொன்று. முகம் கறுத்து மெலிந்திருந்தார். பெட்டியிலிருந்து எடுத்த பழைய செருப்பில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"எங்கட வீட்டுக் கிணறு உப்பாப் போச்சு," என்றார். அவர் பிறந்து, குளித்து, வளர்ந்த கிணறு. சித்தப்பா குடும்பம் இப்போது அந்த வீட்டில் இருக்கிறது. வந்தவருக்குக் கொடுக்கத் தேத்தண்ணி போட, சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு குடாவைச் சுற்றி நடந்து என் தங்கையின் கிணற்றுக்குப் போனாராம். வயதான மனுசி. இவர் குடத்தை வாங்கப் போயிருக்கிறார். நீ விருந்தாளி, இரு என்று சொல்லிவிட்டாராம். மாதக்கணக்காக அவரிடம் சொல்ல நான் சேர்த்து வைத்திருந்த நறுக்கென்ற பதில்கள் அத்தனையும் அன்று ஒன்றுக்கும் உதவவில்லை.

செருப்பில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு சொன்னார். "கடைசி ரண்டு நாளும் சித்தப்பா வீட்டுக் கரையில கண்டல் காய் ஊண்டினனான். நீட்டுக் காய், பென்சில் மாதிரி. குத்திவிட்டாச் சரி, முளைக்குமாம். உம்மட காணியில இருந்துதான் பொறுக்கினனான்."

"கேக்காமலோ?"

"சீதனம்தானே," என்றார்.

அத்தனை வருடங்களில் அந்தக் காணியிலிருந்து அவர் எடுத்த முதல் பொருள் அது. நான் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

ஆனால் எனக்குச் சிரிப்பில் நம்பிக்கை இல்லை. கோட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். எனக்குப் பிறகு ஒப்பமிட யாராவது இருப்பார்கள். ஆகவே அடுத்த வாரமே, கண்டலைத் தங்கையின் பெயருக்கு நன்கொடையாக எழுதப்போகிறேன், உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன். மில்லிக்கன் வீட்டை அவர் ஒருதரம் நினைத்துப் பார்த்திருப்பார். நானும் கறிவேப்பிலைத் தொட்டியை நினைத்தேன். எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்டார்.

அவர் ஊன்றிய காய்களில் பாதியை ஆடு தின்றுவிட்டது. தங்கையும் அந்தக் கரைப் பிள்ளைகளும் மறுபடி ஊன்றினார்கள். அதில் கொஞ்சம் அலையோடு போனது, மறுபடியும் ஊன்றினார்கள். நாங்கள் இன்னும் பதினோராம் மாடியில்தான் இருக்கிறோம். லிஃப்ட் இன்னும் பழுதாகிறது.

காணி கைமாறிய செய்தி காற்றில் போய், மச்சாள் ஃபோன் எடுத்தார். கணவர்தான் பேசினார். மச்சாளின் குரல் எனக்கே கேட்டது: வித்திட்டியளாமே, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்?

"விக்கேல்லை. குடுத்திட்டம்."

ஆருக்கு என்று கேட்டிருப்பார்.

"அக்கா, எங்கட சித்தி தண்ணிக்கு எங்க போறா எண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார் இவர்.